டாஃப்னிக்குத் தண்ணீர்

இலையெல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தது. வெளிச்சம் பத்தாமல் அப்படித் தெரிகிறது என்றுதான் ஞானதுரை முதலில் நினைத்தார். அப்படி நினைத்துக்கொள்வதுதானே அவருக்கு எப்போதும் வசதி. மப்ளரைக் காதோடு சேர்த்து இழுத்துக் கட்டிக்கொண்டு, சமையலறையின் பின்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். தொங்கித்தான் போயிருந்தது. நேற்றுக் காலையில்கூட ஒரு மாதிரி சோர்ந்துதான் இருந்தது, கோத்தகிரிக் குளிருக்கு எது சோராமல் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்றைக்கு அந்தத் தேறுதலுக்கும் வழியில்லை. முழங்கால் உயரச் செடி, டாஃப்னி என்று பெயர். எட்டு வருஷத்தில் அவ்வளவுதான் வளர்ந்திருந்தது, குட்டை ரகம், அதற்குமேல் போகாது என்று நர்சரியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். கரும்பச்சை இலையின் ஓரத்தில் வெண்ணெய் தடவினமாதிரி மஞ்சள் கோடு, கிளை நுனியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் மொட்டுக் கொத்து. பதினேழு கொத்து, எண்ணி வைத்திருந்தார். அதில் இரண்டோ மூன்றோ மொட்டு வாய் திறந்து, உள்ளே இருக்கிற வெள்ளையைக் கொஞ்சம் காட்டிவிட்டு, திறந்த வாக்கிலேயே கவிழ்ந்திருந்தது. மணி ஆறு. ரயில் இந்நேரம் காரமடையைத் தாண்டியிருக்கும். ஆறேகாலுக்கு மேட்டுப்பாளையம், அங்கே ஒரு காபி, குடிப்பாளோ மாட்டாளோ, பிறகு பஸ். எப்படிப் பார்த்தாலும் எட்டரைக்கு ஜெமிமா வந்துவிடுவாள். இரண்டு வருஷம் கழித்து அப்பா அம்மா வீட்டுக்கு வருகிற பெண். பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக இந்தச் செடியைப் பார்க்கத்தான் பின்பக்கம் வருவாள். ஞானதுரை செம்பைத் தூக்கி முழுசையும் வேரில் ஊற்றினார்.

தண்ணீர் செடியைச் சுற்றி வட்டமாக நின்றது. இறங்கும், மெதுவாக இறங்கும், என்ன அவசரம். போன கோடையில்தான் பின்பக்கம் முழுக்கச் சிமெண்ட் போட்டார். மழையில் சேறாகிக் கிடக்கிறதே, எமிலி துணி காயப்போடப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் யார் பார்ப்பது என்ற கவலைதான். ஆனால் அதை எமிலியிடம் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது, கட்டின பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை நின்றுபோய் வருஷக்கணக்காகிறதே. கொத்தனாரிடம்தான் சொன்னார், அவள் காதில் விழுகிற மாதிரி. செடிக்கு மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டம் விட்டுவிட்டு மற்றதெல்லாம் மொழுகியாயிற்று. ஜெமிமா நட்டபோது அந்த இடம் மேடாக இருந்தது. கல்லும் மணலும் போட்டு, ஒரு பக்கம் சரித்து, என்னமோ செய்துவைத்திருந்தாள். கொத்தனார் அதையும் நிரவிவிட்டார். ஞானதுரையும்தான் பக்கத்தில் நின்று பார்த்தார், சமமாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று சொன்னதே அவர்தான். சமமாக இருக்க வேண்டும் எல்லாம். யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு குறை சொல்லக் கூடாது. நட்ட அன்றைக்கு ஜெமிமா மூன்று விஷயம் சொன்னாள். கையில் மண்ணோடு, இதே படியில் உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். ஒன்று, இடம் மாற்றவே கூடாது, வேரில் கை பட்டால் இதற்கு ஆகாது. இரண்டு, வாயில் வைத்துவிடக் கூடாது, இலை, பட்டை, காய் எல்லாமே விஷம். மூன்றாவது? மூன்றாவதும் என்னமோ சொன்னாள். மோதிர விரலை மடக்கினது கண்ணில் நிற்கிறது, சொன்ன வார்த்தை மட்டும் வரமாட்டேன் என்கிறது. அப்போது உள்ளே போன் அடித்ததோ, இல்லை அவர்தான் கேட்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாரோ. பெண் பேசும்போதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்த மனுஷன்தானே.

விஷம் என்று அவள் சொன்னது மட்டும் நன்றாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாசி மாதம், இரண்டு பெட்டியோடு தூத்துக்குடிப் புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கி, நடு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாளே, அந்த மூன்று நாளும் அவர் இந்தச் செடியைத்தான் காவல் காத்தார். யாரிடமும் சொன்னதில்லை. பல் துலக்கப் போகிற சாக்கில் வந்து, இலை ஏதாவது பறித்திருக்கிறதா, கிளை முறிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பெண்ணைப் போய்ப் பார்த்து, என்னம்மா செய்யுது, சாப்பிட்டியா என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை, செடியைப் போய்ப் பார்த்தார். அப்போது செடி முழுக்கப் பூ. எலுமிச்சைத் தோலையும் சீனிப்பாகையும் சேர்த்துக் காய்ச்சினமாதிரி அந்த வாசனை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நடைக்குப் போய், அவள் சாத்திவைத்திருந்த கதவுக்கு அடியிலும் நுழைந்திருக்கும். தலைவலிக்கிற வாசனை. பிறகு அவள் சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில், இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எமிலி நாற்காலியில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை, அவர் இங்கே வந்து இலையை எண்ணிக்கொண்டிருந்தார். செடி கோத்தகிரியில் இருக்கிறது, பெண் சென்னையில் இருக்கிறாள், இலையை எண்ணி என்ன பிரயோஜனம்? ஆனால் பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா. இப்போதும் அதே பயம்தான். ரயிலில் ஏறிவிட்டாள் என்று நேற்று ராத்திரி தகவல் வந்தது, ஏறினவள் இறங்குவாள், இறங்கினவள் வருவாள், வந்து பார்ப்பாள். தண்ணீர் இன்னும் இறங்கவில்லை.

ஒரு இலையைக் கிள்ளாமல், காம்போடு சேர்த்து உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூடினார். முப்பத்து நான்கு வருஷம் டீமேக்கராக இருந்த கை. எஸ்டேட் ஃபேக்டரியில் பச்சைக் கொழுந்தைக் கம்பி வலையில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு, இரவெல்லாம் வாட்டுவார்கள். வாட்டம் பதமா இல்லையா என்று சொல்ல அங்கே மிஷின் கிடையாது, ஞானதுரையின் கைதான். ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கி, விரலைத் திறந்தால் உருண்டையாக நின்று, பிறகு சோம்பலாக அவிழ வேண்டும். காம்பு முறியாமல் வளைய வேண்டும். அவர் தலையாட்டினால்தான் உருட்டும் மிஷின் ஓடும். மேனேஜரே வந்து, டீமேக்கர் கை என்ன சொல்லுது என்று கேட்பார். இலை எதனால் வாடும்? தண்ணீர் போனால் வாடும், அவ்வளவுதானே, இதில் என்ன பெரிய வித்தை. அந்தக் கைதான் இப்போதும் சொன்னது: இந்த இலையில் தண்ணீர் இல்லை, போதவில்லை, ஊற்று. மூன்று வாரமாகவே ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். எமிலி எழுந்திருக்க ஆறரை ஆகும், அதற்குமுன் பூனை மாதிரி நடந்து வந்து, ஒரு செம்பு ஊற்றிவிட்டு, செம்பைத் துடைத்துப் பழைய இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுவார். சொந்த வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற இத்தனை ஒளிவு எதற்கு? தெரிந்தால் எமிலி என்ன நினைப்பாள்? இப்போ வந்துட்டாரு பாசமா ஊத்த என்று நினைப்பாள். வாயால் சொல்லமாட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

அவள் பேச்சை நிறுத்தினதும் நியாயம்தான், இன்றைக்குவரை அவர் அதை மனசுக்குள்ளேகூட மறுத்ததில்லை. ஜெமிமா வந்த இரண்டாம் நாள் எமிலி அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்தாள். வைத்துக்கொண்டிருந்தவள் எண்ணெய்க் கையோடு முன்னறைக்கு வந்து, "மேல்கை பூரா கன்னிப்போய்க் கிடக்குங்க. ரெண்டு கையிலயும். பாத்துட்டு வாங்க" என்றாள். அவர் பார்க்கப் போகவில்லை. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லா வீட்லயும் உள்ளதுதான், பெருசு பண்ணாத" என்றார். பேப்பரில் என்ன படித்தார் என்று கேட்டால், ஒரு எழுத்துக்கூட இல்லை. அதோடு விட்டாரா? அன்றைக்குச் சாயங்காலம் சர்ச்சிலிருந்து சபை ஐயர் வந்தார், பக்கத்து வீட்டு ரிட்டையர்டு வாத்தியாரும் சம்சாரமும் வந்தார்கள், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஜெமிமா பிஸ்கட் தட்டோடு வந்தாள். அவர் சிரித்த முகமாக, எல்லாரும் கேட்கும்படி, "லீவு என்னைக்கும்மா முடியுது, என்னைக்குக் கிளம்புற?" என்றார். லீவு கிடையாது என்று அவருக்குத் தெரியும். பெட்டியின் கனத்தை அவரே தூக்கிப் பார்த்தவர், பெட்டியில் குளிர்காலத் துணியும் கோடைத் துணியும் சர்டிபிகேட் ஃபைலும் இருந்தன. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சொல்றேன்ப்பா" என்று உள்ளே போனாள். மறுநாள் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தடவை, மறுபடியும் கேட்டார். ஏன் கேட்டார்? பதில் வேண்டியா கேட்டார்? வெளியே யாராவது கேட்டால் சொல்ல ஒரு தேதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாலாம் நாள் விடியற்காலை அவள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். புருஷனிடம் போகவில்லை, சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை தேடிக்கொண்டு ஹாஸ்டலில் இருந்துகொண்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த எமிலி அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், அவருக்குத் தட்டில் போட்டு மேஜையில் வைத்தாள். "நீ சாப்பிடல?" என்றார். பதில் இல்லை. அந்தப் பதில் இன்னும் வரவில்லை.

பேசாமல் இரண்டு பேர் ஒரு வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்கு ஆண்டவர்தான் வழிசெய்தார். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம், அதை மட்டும் எமிலி நிறுத்தவில்லை. பைபிளில் ஒரு அதிகாரம் வாசித்ததும் கண்ணை மூடிக்கொண்டு அவள் ஆரம்பிப்பாள்: "அன்புள்ள ஆண்டவரே, கேஸ் தீர்ந்துபோச்சு, நாளைக்கு யாராவது புக் பண்ணினா நல்லாருக்கும், அதையும் நீர் அறிவீர்." அவர் உடனே ஆமென் என்பார், மறுநாள் கேஸ் புக் ஆகிவிடும். அவர் முறை வந்தால், "கர்த்தாவே, எனக்கு வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும், மதியச் சாப்பாடு வேண்டியதில்ல, உமக்கு ஸ்தோத்திரம்" என்பார். முதலில் அவமானமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, மீன் வாங்குவதும் எலிப்பொறி வைப்பதும்கூட பரலோகம் வழியாகத்தான் நடந்தது. ஆண்டவருக்கும் சலித்துத்தான் போயிருக்கும். ஆனால் ஒன்று, எத்தனையோ ஜெபத்தில் எத்தனையோ சொல்லியும், ஜெமிமாவை விரட்டினது நான்தான் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. தொண்டைவரை வரும். எமிலி கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பது தெரியும். அவர் மின்சார பில்லைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுவார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் எமிலியின் குரல் ஜெபத்தில் கொஞ்சம் நடுங்கினது. "ஆண்டவரே, ஜெமி போன் பண்ணினா. அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை வர்றாளாம். ஒரு நாள் தங்கிப் பார்த்துட்டு, மனசு சரியா இருந்தா இங்கயே வேலை பார்க்கலாமான்னு யோசிக்கிறாளாம். டாஃப்னி மொட்டு விட்டிருக்கான்னு கேட்டா. விட்டிருக்குன்னு சொன்னேன்." அவ்வளவுதான் சொன்னாள். அவர் சொன்ன ஆமென் சத்தத்துக்கு முன்னறைக் கண்ணாடி அதிர்ந்திருக்கும். மறுநாள் விடிந்ததும் முதல் செம்பு.

பூத்துவிட வேண்டும். அவள் வரும்போது பூத்து வாசனை வீச வேண்டும், அப்படி வீசினால் அவர் ஒன்றும் பேச வேண்டியிருக்காது, செடியைக் காட்டி, பாரும்மா என்று சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இதுதான் மனுஷன் போட்ட கணக்கு. வாய் செய்ய வேண்டிய வேலையைச் செடியின் தலையில் கட்டின கணக்கு. கிழக்கே வெளுத்துவிட்டது. பள்ளத்துத் தேயிலைக்காட்டில் உறைபனி வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீர் அப்படியே நின்றது, அதில் ஒரு மொட்டு மிதந்தது. ஏன் இறங்கவில்லை? மண் காய்ந்து இறுகிவிட்டதோ என்று விரலை விட்டுக் கிளறப் பார்த்தார். விரல் தடையில்லாமல் உள்ளே போனது. இரண்டாவது கணுவரை, மூன்றாவது கணுவரை, கஞ்சிப் பானைக்குள் போகிற மாதிரிப் போனது. வெளியே எடுத்தால் விரலில் கறுப்புச் சேறு, முகர்ந்தால் சாக்கடை அடைத்துக்கொண்ட நாற்றம். ஒரு வேர் விரலோடு வந்தது, தோல் கழன்று நூலாக. அப்போதுதான் வந்தது அந்த மூன்றாவது. மோதிர விரலை மடக்கிக்கொண்டு அவள் சொன்னது, வார்த்தை வார்த்தையாக: "இலை தொங்குதேன்னு மட்டும் தண்ணிய ஊத்திடாதீங்கப்பா. வேர் அழுகினாலும் இப்படித்தான் தொங்கும். பாக்க தாகம் மாதிரியே இருக்கும்." சேற்று விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இலைக்குப் பதம் சொன்ன கை. நல்லா தெரிஞ்ச கை. ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீருக்கா இத்தனை சேறு? பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை கிடையாது. ஒரு செம்பு, சின்னச் செம்பு, இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

எமிலி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் நீல பிளாஸ்டிக் ஜக்கோடு நின்றாள். ஜக் நிறையத் தண்ணீர். அவரை அந்நேரத்தில் அங்கே எதிர்பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. திருட்டுத்தனம் செய்து அகப்பட்டுக்கொண்ட மாதிரி ஜக்கைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தாள், ததும்பித் தண்ணீர் படியில் சிந்தினது. அவர் எழுந்திருக்கவில்லை. சேற்றுக் கையைச் செடியின் அடியில் வைத்து, வேண்டாம் என்கிற மாதிரி மறைத்தார். அவள் அவர் விரலைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த வெறும் செம்பைப் பார்த்தாள். தொங்குகிற இலையை, நிற்கிற தண்ணீரை, மறுபடி செம்பை. ஜக்கை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"நீங்களும் ஊத்துனீங்களா?" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து வந்த குரல். ஆண்டவருக்குச் சொல்கிற குரல் இல்லை, அவருக்கென்று சொல்கிற குரல், கொஞ்சம் கரகரத்து, பழைய மாதிரியே. கேட்டதும் சந்தோஷமா துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. எத்தனை தடவை இந்தக் குரல் திரும்பி வருவதை அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு காய்ச்சலில் வரும், ஒரு கிறிஸ்துமஸில் வரும் என்று. இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

"தினம் காலைல. ஒரு செம்பு."

"நான் சாயங்காலம். நீங்க பேப்பர் வாங்கப் போற நேரத்துல." அவள் படியில் உட்கார்ந்தாள், அவருக்கு ஒரு முழம் தள்ளி. "ரெண்டு ஜக்கு. நீங்க கவனிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன் நான்."

"நேத்தே வாடிப்போச்சு. ராத்திரி தூக்கமே இல்ல. விடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு ஜக்கு ஊத்தினா அவ வர்றதுக்குள்ள நிமிர்ந்துடும்னு..."

"அழுகிப்போச்சு எமிலி. வேரெல்லாம்."

அவள் கவிழ்ந்த கொத்து ஒன்றை நிமிர்த்திப் பிடித்தாள். விட்டதும் மறுபடி கவிழ்ந்தது. ஒரே ஒரு வார்த்தை, ஊத்திட்டேன் என்று ஒரு வார்த்தை யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால். ஜெபத்திலாவது சொல்லியிருந்தால். எலிப்பொறியைச் சொன்ன வாய் இதைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஜெமிமாவுக்காகத்தான் ஊற்றினார்கள், இரண்டு பேரும் மற்றவருக்குத் தெரியாமல் ஊற்றினார்கள், நடுவில் செடி செத்துக்கொண்டிருந்தது. வேர் போன செடியை இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தோண்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார், நர்சரி ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், அதே மாதிரி ஒன்று கிடைத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், எட்டு வருஷத்துச் செடியை அவளுக்கா அடையாளம் தெரியாது. இன்னும் இரண்டு மணி நேரம். ரயிலைவிட்டு இப்போது இறங்கியிருப்பாள்.

"ஜெமிகிட்ட என்ன சொல்றது?" என்றார்.

எமிலி எழுந்தாள். ஜக்குத் தண்ணீரைத் தூரத்தில் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, கதவுப் பக்கம் நின்று, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தும் இரண்டு வருஷம் ஆகிறது.

"செடி என்னாலதான் செத்துதுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றாள். "மத்தத நீங்க சொல்லுங்க."

உள்ளே அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. ஞானதுரை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்து, யாரும் கேட்காத குரலில், "அப்பா அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது ஜெமி" என்று சொல்லிப் பார்த்தார். பாதியில் குரல் போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.